காலங்காண்போர் கடமை

நம் கல்லூரியில் ஆண்டுதோறும் நிகழும் விளையாட்டு விழாவில் ஓடுவோரைக் காண்போர் பலர்; ஓட்டத்தை அளப்போரைக் காண்போர் மிகச் சிலர். துப்பாக்கி முழங்கியதும் கூடியிருப்போர் கண்கள் யாவும் ஓடுகளத்தின்மேற் செல்லும். முடிவுக்கோட்டிற்கு நேராகப் படிமேடையின்மேல் ஒருவர்பின் ஒருவராக அமர்ந்து, கையிற் சிறு கடிகாரத்தைப் பற்றிக்கொண்டு, இமையாது நோக்கியிருக்கும் சிலரை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், பரிசு வழங்கி மக்கள் கலைந்து, களத்தில் இட்ட சுண்ணாம்புக் கோடுகளும் மழையில் அழிந்த பின்னர், எஞ்சி நிற்பது அச்சிலர் எழுதிய எண்ணே. வென்றவர் முகத்தை நண்பர் மறப்பர்; சாதனைப் பலகையில் ஏறிய எண் ஆண்டுகள் பல கடந்தும் அங்கேயே நிற்கும். அவ்வெண்ணை எழுதுவோர் கடமை யாது என்பதே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகும் பொருள்.

ஸ்டாப்வாட்ச் என்று யாவரும் வழங்கும் நிறுத்துக் கடிகாரத்தைப்பற்றி மாணவரிடையே இருவகைக் கருத்துகள் உலவுகின்றன. ஒரு சாரார், "மின்பொறிகள் வந்துவிட்ட இந்நாளில் விரலால் அழுத்திக் காலங்காண்பது பழங்கதை, அதனால் வரும் எண் ஒன்றிற்கும் உதவாது" என்பர். மற்றொரு சாரார், "கடிகாரத்தின் முகத்தில் 11.43 என்று தெளிவாகத் தோன்றும்போது, அதனை 11.5 என்று ஏற்றி எழுதுவது ஓடியவனுக்குச் செய்யும் அநீதி" என்பர். இவ்விரு சாராரும் ஒன்றற்கொன்று மாறுபட்டவர் போலத் தோன்றினும், இருவர் கருத்தும் ஒரே பிழையினின்று பிறந்தவை என்பது எம் துணிபு. இருவரும் அளவு என்பது முழுவதும் கருவியைச் சார்ந்தது என்று கொள்கின்றனர். முன்னவர் கருவி எளியது என்று அதனை இகழ்கின்றனர். பின்னவர் கருவி நுண்ணியது என்று அதனை வியக்கின்றனர். கருவிக்கும் ஓட்டத்திற்கும் இடையே கண்ணும் விரலும் உடைய ஒரு மனிதன் இருக்கின்றான் என்பதனை இருசாராரும் நினைந்திலர்.

பந்தயத்தின் காலத்தை அளக்கும் வேட்கை புதிதன்று. பிரான்சு நாட்டுக் கடிகாரக் கலைஞர் நிக்கோலா ரியூசெக் என்பார் 1821-ல் குதிரைப் பந்தயத்திற்கென ஒரு கருவி அமைத்தார். குதிரை எல்லையைக் கடக்கும் கணத்தில் அக்கருவி தன் வட்டத்தகட்டின்மேல் மையால் ஒரு புள்ளி இடும். 1844-ல் அடோல்ஃப் நிக்கோல் என்பார், ஓடி நின்ற முள்ளை மீண்டும் தொடக்கத்திற்குக் கொணரும் இதயவடிவத் தகடு ஒன்றற்கு உரிமை பெற்றார். ஒரே பித்தானைக் கொண்டு தொடக்கவும் நிறுத்தவும் மீட்கவும் இயலும் கடிகாரம் பின்னர் உருவாதற்கு அத்தகடே வழிவகுத்தது.

பழைய கடிகாரங்களிற் பெரும்பாலன விநாடிக்கு 5 முறை துடிப்பன. ஆதலின் அவை விநாடியில் ஐந்திலொரு பங்கிற்குக் குறைந்த காலத்தைக் காட்டமாட்டா. 1896-ல் ஏதென்சு நகரில் நிகழ்ந்த முதல் ஒலிம்பிக் விழாவில் தாமஸ் பர்க் 100 மீட்டர் ஓட்டத்தை 12 விநாடியில் வென்றார் என்று எழுதியது அத்தகைய காலத்தில்தான். 1932-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து விழாவிற்கு ஒமேகா நிறுவனத்தார் 30 கடிகாரங்களை அனுப்பினர். அவை விநாடியிற் பத்திலொரு பங்கினைக் காட்டுவன. இன்றோ, மாணவன் தன் கைச்செலவுப் பணத்தில் வாங்கத்தக்க குவார்ட்ஸ் கடிகாரமும் நூற்றிலொரு பங்கினைக் காட்டுகின்றது. ஐந்திலொரு பங்கினின்று நூற்றிலொரு பங்கிற்கு வந்தமையால் கடிகாரத்தின் நுண்மை 20 மடங்கு பெருகிற்று. அதனை அழுத்தும் விரலின் நுண்மை 1896-ல் இருந்தவாறே இருக்கின்றது.

விரலின் நுண்மை இத்தகையது என்பதை உலகிற்கு முதலில் உணர்த்தியது விளையாட்டுக் களமன்று, வானநூல் நிலையமாகும். கிரீனிச் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராய் விளங்கிய நெவில் மாஸ்கலீன் என்பார்க்கு டேவிட் கின்னபுரூக் என்னும் உதவியாளர் ஒருவர் இருந்தார். தொலைநோக்கியிற் கட்டிய கம்பியை விண்மீன் கடக்கும் கணத்தை, கடிகாரத்தின் துடிப்பைக் காதாற் கேட்டவண்ணம் கண்ணாற் கண்டு குறிப்பது அக்கால வழக்கம். 1795-ல் கின்னபுரூக் தம் தலைவரினும் அரை விநாடி பிந்திக் குறிப்பது தெரியவந்தது. எச்சரித்தும் அவ்வேறுபாடு குறைந்திலது. 1796-ன் தொடக்கத்தில் விநாடியிற் பத்தில் 8 பங்காக வளர்ந்தது. மாஸ்கலீன் அவரைப் பணியினின்று நீக்கினார். பல்லாண்டு கழிந்து, கோனிக்ஸ்பர்க் நகரத்து வானநூலார் பெஸ்ஸல் என்பார் இந்நிகழ்ச்சியைப் படித்து வியந்து, தம்மையும் தம்மையொத்த கைதேர்ந்த வானநூலாரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். அவரவர்க்கும் இத்தகைய வேறுபாடு உண்டு என்பது அதனால் வெளியாயிற்று. கின்னபுரூக் சோம்பலும் உடையரல்லர், கவனமற்றவரும் அல்லர். கண் காண்பதற்கும் மனம் உணர்வதற்கும் இடையே ஆளுக்கு ஆள் மாறுபடும் ஒரு காலம் உண்டு; அஃது அறியப்படாதிருந்தமையால் ஒருவர் தம் பணியை இழந்தார். அளவையின் பிழை அளப்பவனோடு நில்லாது பிறர் வாழ்வையும் தொடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இனி, ஓடுகளத்தில் இப்பிழை எவ்வாறு நுழைகின்றது என்பதை நோக்குவோம். துப்பாக்கி வெடிப்பதை எதிர்பார்த்திருப்பினும், அஃது எக்கணத்தில் வெடிக்கும் என்பதைக் காலங்காண்பவர் அறியார். புகையையோ ஒளியையோ கண்ட பின்னரே விரல் அழுந்தும். அதற்குள் ஏறத்தாழ விநாடியில் ஐந்திலொரு பங்கு கழிந்துவிடும். முடிவுக்கோட்டிலோ நிலைமை வேறு. ஓடுபவன் அணுகி வருவது கண்ணுக்குப் புலனாதலின், விரல் அவன் வரவை எதிர்நோக்கி ஏற்ற கணத்திலேயோ சற்று முந்தியோ அழுந்திவிடும். தொடக்கம் பிந்தி, முடிவு பிந்தாதொழியின், கடிகாரம் மெய்யான காலத்தினும் குறைந்த காலத்தையே காட்டும். கையாற் கண்ட காலம் பெரும்பாலும் ஓடுபவனுக்குச் சாதகமாகவே அமைதல் இக்காரணம்பற்றியே. கையாற் கண்ட காலத்தை மின்பொறிக் காலத்தோடு ஒப்பிடுங்கால், 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் 0.24 விநாடியும், 400 மீட்டருக்கு 0.14 விநாடியும் கூட்டிக்கொள்வது தடகள வழக்கமாயிற்று.

துப்பாக்கியின் புகையைக் காணாது ஓசையைக் கேட்டு அழுத்துவோர் செய்யும் பிழை இதனினும் பெரிது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 முதல் 350 மீட்டர் செல்லும். 100 மீட்டர் ஓட்டத்தில் தொடக்கக் கோட்டினின்று எழுந்த ஓசை முடிவுக்கோட்டில் நிற்பவர் செவிக்கு எட்ட விநாடியிற் பத்தில் ஏறக்குறைய 3 பங்கு ஆகும். அதற்குள் ஓடுபவன் கோட்டைவிட்டு எழுந்திருப்பான். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். மின்பொறி 11.6 விநாடி என்று கூறும் ஓர் ஓட்டத்தை, புகையைக் கண்டு முறைப்படி அளந்தவர் 11.4 என்று எழுதுதல் கூடும். ஓசையைக் கேட்டு அளந்தவர் 11.1 என்று எழுதுதல் கூடும். ஓடியவன் ஒருவன், ஓட்டமும் ஒன்று, எண்கள் மூன்று. இவற்றுள் எதனை அவனது திறம் என்பது?

இவ்வையம் கற்பனையன்று. 1968 ஜூன் திங்களில் அமெரிக்க நாட்டுச் சாக்ரமெண்டோ நகரில் ஒரே மாலையில் ஜிம் ஹைன்ஸ், ரானி ரே ஸ்மித், சார்லஸ் கிரீன் என்னும் மூவர் 100 மீட்டரை 9.9 விநாடியில் ஓடினர் என்று கையாற் கண்டு எழுதினர். அன்று உடனிருந்த மின்பொறி அவர்கள் காலத்தை முறையே 10.03, 10.14, 10.10 என்று பதிந்திருந்தது. விரல் ஒன்றாகக் கண்ட மூன்று ஓட்டங்களைப் பொறி மூன்றாகவே கண்டது. 1977 முதல் 400 மீட்டர் வரையுள்ள ஓட்டங்களில் உலக சாதனைக்கு மின்பொறிக் காலமே ஏற்கப்படும் என்று உலகத் தடகளச் சங்கத்தார் விதித்தமைக்கு இத்தகைய வேறுபாடுகளே காரணமாகும்.

நம் நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1960-ல் ரோம் நகரத்து ஒலிம்பிக் விழாவில் மில்கா சிங் 400 மீட்டர் இறுதி ஓட்டத்தில் நான்காமவராய் வந்தார். அவரது காலம் கையாற் கண்டவாறு 45.6 விநாடி, பொறியாற் கண்டவாறு 45.73 விநாடி. இந்திய நாட்டுச் சாதனையாக அவ்வோட்டம் 1998 வரை நின்றது. ஓர் ஓட்டத்திற்கு எழுந்த இவ்விரண்டு எண்களில் எதுவும் பொய்யன்று. ஆயின், பின்வந்த ஒருவரது பொறிக்காலத்தை முன்னவரது கைக்காலத்தோடு ஒப்பிடின், விடை பொய்யாகும். இரண்டனையும் வேறு வேறாக எழுதிவைத்தலே முறை.

இத்துணையும் கூறக் கேட்டோர், "அங்ஙனமாயின் முதலிற் கூறிய சாரார் கருத்தே சரி, கையாற் காலங்காண்பதை விட்டொழிப்போம்" என்பர். யாம் அவ்வாறு கருதவில்லை. பிழை உண்டு என்று அறிந்த அளவை பயனற்ற அளவையாகாது. அப்பிழை எப்பக்கம் சாயும், எவ்வளவு சாயும் என்பது நமக்குத் தெரியும். அதனைக் கட்டுப்படுத்துவதற்கு வகுத்த விதிகளும் உள்ளன. அவ்விதிகளை நம் மாணவர் பலரும் அறிந்திலராதலின் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

முதலில் வருபவரது காலத்தை மூவர் தனித்தனியே காணல் வேண்டும். மூவரில் இருவர் எண் ஒத்திருப்பின் அவ்விருவர் எண்ணே கொள்ளத்தக்கது. மூவரும் வேறுபடின் நடு எண்ணைக் கொள்ளவேண்டும். இருவர் எண்களே கிடைத்து அவையும் வேறுபடின், நீண்ட காலமே கொள்ளத்தக்கது. கடிகாரம் பத்திலொரு பங்கில் முழுமையாக நில்லாதவிடத்து, அடுத்த பத்திலொரு பங்கிற்கு ஏற்றி எழுதவேண்டும், 10.11 என்று கடிகாரம் காட்டின் 10.2 என்பதே எண். ஓடுபவனது தலையோ கையோ காலோ அன்றி, உடற்பகுதி முடிவுக்கோட்டின் அணிய விளிம்பை எய்தும் கணமே முடிவு. காலங்காண்போர் தம் கடிகாரத்தைப் பிறர்க்குக் காட்டாமலும், பிறரோடு கலந்து பேசாமலும், தாம் கண்டதைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தலைவரிடம் தரல் வேண்டும்.

இவ்விதிகள் ஒவ்வொன்றும் மனித இயல்பை நன்கு அறிந்தோர் வகுத்தவை. மூவரை அமர்த்துவது ஒருவரது பிழை ஏனையோரால் அடங்கும் என்பதுபற்றி. நடு எண்ணைக் கொள்வது, ஒருவர் விரல் பெரிதும் தவறியவிடத்தும் முடிவு பழுதுபடாமைபற்றி. தனித்தனியே எழுதச் சொல்வது, ஒருவர் எண்ணைக் கேட்ட மற்றவர் தம் கண்ணை நம்பாது அவ்வெண்ணை நம்புவர் என்பதுபற்றி. நம் களங்களில் மிகுதியும் மீறப்படுவது இக்கடைசி விதியே. "உங்களுக்கு எவ்வளவு?" என்று ஒருவர் கேட்க, "பதினொன்று நான்கு" என்று மற்றவர் கூற, "எனக்கும் அவ்வாறே" என்று மூன்றாமவர் தலையசைப்பதைப் பல ஊர்ப் பந்தயங்களிற் கண்டிருக்கின்றோம். அங்கே கடிகாரங்கள் மூன்றாயினும் சாட்சி ஒன்றே.

ஏற்றி எழுதுவது அநீதி என்னும் இரண்டாம் சாரார்க்கும் இதனால் விடை கிடைக்கும். கையாற் கண்ட காலம் 100 மீட்டரில் ஏறத்தாழ 0.24 விநாடி ஓடுபவனுக்குச் சாதகமாக இருக்க, ஏற்றி எழுதுவதாற் கூடுவது ஒரு பத்திலொரு பங்கிற்கும் குறைவே. குவித்து அளந்த மரக்காலைத் தலைதட்டி அளப்பது போன்றது அது. கொள்வோன் அதனால் இழந்தது ஒன்றுமில்லை. அன்றியும், 11.43 என்னும் எண்ணிலுள்ள 3 என்பது எங்கிருந்து வந்தது? அதனை ஓடியவன் கால் ஈட்டவில்லை. அளந்தவர் கண்ணும் காணவில்லை. விரல் அழுந்திய கணத்திற் கடிகாரம் நின்ற இடம் அஃது. அடுத்த முறை அதே கண் அதே ஓட்டத்தைக் காணின் 11.38 என்றும் வரலாம், 11.49 என்றும் வரலாம். தான் அறியாத எண்ணை அறிந்ததுபோல எழுதுவது, எத்துணை நுண்ணியதாகத் தோன்றினும், பொய்யின்பாற்படும்.

1932-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் எட்டி டோலன், ரால்ஃப் மெட்காஃப் என்னும் இருவர்க்கும் கடிகாரங்கள் 10.3 என்று ஒரே எண்ணைக் கூறின. முடிவுக்கோட்டைப் படம்பிடித்த பின்னரே டோலன் வென்றார் என்று துணிந்தனர். ஆண்டுக் கடிகாரங்கள் தவறு செய்தன என்று கூறுதல் தகாது. தம்மால் அறியக்கூடியதை அவை அறிவித்தன. அதற்கு மேல் உரைக்கவில்லை. காலங்காண்போர்க்கு இஃது ஒரு நற்பாடம்.

இதற்கு மாறாக, வருந்தத்தக்க பாடமும் ஒன்று உண்டு. 1960-ல் ரோம் நகரத்தில் 100 மீட்டர் நீச்சற் போட்டியில் ஆஸ்திரேலிய நாட்டு ஜான் டெவிட்டும் அமெரிக்க நாட்டு லான்ஸ் லார்சனும் ஏறத்தாழ ஒருங்கே சுவரைத் தொட்டனர். லார்சனது காலத்தைக் கண்ட மூவர் 55.0, 55.1, 55.1 என்று எழுதினர். டெவிட்டின் காலத்தைக் கண்ட மூவரும் 55.2 என்று எழுதினர். நடுவரோ தம்முள் வேறுபட்டனர். முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் கண்ட அறுவரைக் கூட்டி நோக்கின், மும்மூவராகப் பிரிந்து நின்றனர். தலைமை நடுவர் டெவிட்டுக்கே வெற்றி என்று தீர்ப்பளித்தார். இடத்தை நடுவர் கண்ணே முடிவு செய்யும் என்பது அக்கால வழக்காதலின், அத்தீர்ப்பின் நன்மை தீமையை ஈண்டு ஆராயோம். ஆயின், அத்தீர்ப்பிற்கு இசையும்படி லார்சனது காலத்தை 55.2 என்று மாற்றி எழுதினர். அச்செயலையே யாம் வெறுக்கின்றோம். மூவர் தம் கண்ணாற் கண்டு எழுதியதைக் காணாத ஒருவர் மாற்றின், காலங்காண்போர் அங்கே இருந்தும் இல்லாதவரே. அத்தகைய பூசல்களை ஒழிக்கவே, நீந்துவோர் கை பட்டதும் தாமே காலத்தைப் பதியும் தொடுதகடுகள் 1967-ல் வின்னிபெக் நகரத்துப் போட்டியிலும், 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக் விழாவிலும் வழக்கிற்கு வந்தன.

மின்பொறிகளை யாம் இகழ்வோமல்லோம். 1984-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 400 மீட்டர் தடையோட்டத்தில் நம் பி. டி. உஷா 55.42 விநாடியில் நான்காமவராய் வந்தார். மூன்றாம் இடம் பெற்ற ருமேனிய நாட்டுப் பெண்ணின் காலம் 55.41 விநாடி. அந்நூற்றிலொரு பங்கு விநாடி அவ்வோட்ட விரைவில் நான்கு விரற்கிடை அளவே யாகும். பதக்கத்தையும் வெறுங்கையையும் பிரிக்கும் அத்துணைச் சிறிய இடைவெளியை எந்த விரலும் அளத்தற்கு இயலாது. அத்தகைய களங்களுக்குப் பொறி இன்றியமையாதது. துப்பாக்கியின் வெடியே கடிகாரத்தைத் தொடங்க, கோட்டின்மேல் வைத்த ஒளிப்படப் பொறி முடிவைப் பதிய, மனிதன் பின்னர் அமைதியாக அப்படத்தைப் படிப்பது சாலச் சிறந்த முறையே.

எனினும், அப்பொறி ஒவ்வொரு கல்லூரிக்கும், ஒவ்வொரு சிற்றூர்ப் பள்ளிக்கும், ஒவ்வொரு நாட்பயிற்சிக்கும் வருமென்று எதிர்பார்ப்பது இயலாத செயல். பொறி உள்ளவிடத்தும் அது பழுதுபடின் துணையாவது கைக்கடிகாரமே. மேலும், ஓட்டம் நீளுந்தோறும் விரலின் பிழை சிறிதாகின்றது. 11 விநாடியில் 0.24 என்பது நூற்றுக்கு 2 பங்கிற்கும் மேல். 4 நிமிடத்தில் அஃது ஆயிரத்தில் ஒரு பங்கே. 1954 மே 6-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரத்து இஃப்லி சாலைக் களத்தில் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, மனிதரால் இயலாது என்று பலர் எண்ணிய எல்லையைக் கடந்தார். அதனை அளந்தவை கையிற் பிடித்த கடிகாரங்களே. முறை தவறாது அளந்தமையால், அவ்வெண் ஏற்கப்பெற்று இன்றளவும் அவ்வாறே நிற்கின்றது.

"நம் போன்றோர் கல்லூரி விழாவில் இத்துணை நுணுக்கம் எற்றுக்கு? பரிசுக் கோப்பையைப் பெற்றவன் மகிழ்கின்றான்; எண்ணில் என்ன உளது?" என்று வினவுவோரும் உளர். எண்ணில் உள்ளது பிறருடைய நாள்கள் என்பதே எம் விடை. சாதகமாகத் தவறிய எண்ணைப் பெற்ற மாணவன் அதனை மெய்யென நம்பிப் பல்கலைக்கழகப் பந்தயத்திற்குச் செல்கின்றான். ஆண்டுப் பொறி அவனது மெய்யான காலத்தைக் காட்டுகின்றது. தான் தளர்ந்துவிட்டதாக அவன் எண்ணி உள்ளம் உடைகின்றான். அவன் ஆசிரியரோ பயிற்சியைக் குறை கூறுகின்றார். அவன் தளர்ந்திலன், ஒரு மாலைப்பொழுதில் ஒருவர் ஓசையைக் கேட்டு விரலை அழுத்தினார், அவ்வளவே. விளையாட்டுத் திறத்திற்கென ஒதுக்கிய இடங்களாற் கல்லூரியிற் சேர்வோரும் பணி பெறுவோரும் உள்ள நாட்டில், ஒரு பத்திலொரு பங்கு விநாடி ஓர் ஏழைக் குடும்பத்தின் விளக்காகவும் ஆகலாம். அது தகாதவர் கைக்குச் செல்லவும் கூடும்.

சாதனைப் பலகையில் ஏறிய பொய்யெண்ணாற் கேடுறுவோர் இன்னும் பிறவாதவராகவும் இருப்பர். காலையிருளில் எழுந்து ஓடிப் பழகும் மாணவி ஒருத்தி, மெய்யாகவே முன்னோர் அனைவரினும் விரைந்து ஓடியும், எவரோ என்றோ கவனமின்றி எழுதிய எண்ணின் கீழேயே தன் பெயரின்றி நிற்கின்றாள். அவளுக்கு இழைத்த அநீதியை அவளும் அறியாள், இழைத்தவரும் அறியார். யாரும் அறியாத அநீதிக்கு முறையிட இடமில்லை. ஆதலாற்றான் அதனை முன்னரே தடுப்பது நம் கடனாகின்றது.

ஆகவே, நம் கல்லூரி விளையாட்டுக் கழகத்தார் முன் சில வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கின்றோம். மூன்று கடிகாரங்களால் அளக்கப்பெறாத எந்தக் காலத்தையும் சாதனை என்று ஏற்கலாகாது. கையாற் கண்ட எண்ணைப் பத்திலொரு பங்கிற்கு ஏற்றியே எழுதி, அதன் அருகே 'கை' என்னும் குறியிட்டு, பொறியாற் கண்ட எண்ணோடு கலவாமல் வைத்தல் வேண்டும். காலங்காண்போர் எழுதிக் கையொப்பமிட்ட தாள்களைக் கிழித்தெறியாது, கல்லூரி அலுவலகத்திற் பாதுகாத்தல் வேண்டும். பலகையில் உள்ள பழைய எண்களுள் இத்தகைய சான்று இல்லாதவற்றை அழித்தல் வேண்டா. முன்னோரை ஐயுறுதல் முறையன்று. அவற்றை ஒரு கோட்டிற்கு மேலே வைத்து, சான்றுடையவற்றைக் கோட்டிற்குக் கீழே புதிதாகத் தொடங்குவோம்.

இவற்றினும் முதன்மையானது பயிற்சி. ஓடுபவன் ஓராண்டு பழகுகின்றான். அவனை அளப்பவரோ விழாவன்று காலையிற் கடிகாரத்தை முதன்முதற் கையில் எடுக்கின்றார். இது மாறல் வேண்டும். விழாவிற்கு முன்னரே கடிகாரங்கள் அனைத்தையும் ஒருங்கே ஓடவிட்டு ஒப்பிடுதல் வேண்டும். தொடக்கத்திற்கும் முடிவிற்கும் ஒரே விரலைப் பயன்படுத்தப் பழகுதல் வேண்டும். துப்பாக்கியின்றி இரு பலகைகளைத் தட்டித் தொடக்கம் அறிவிப்பின், அப்பலகைகள் பொருந்துவதைக் கண்ணாற் காணவேண்டும். தட்டிய ஒலிக்குக் காத்திருத்தல் ஆகாது. ஓடுபவனைக் கண்ணால் தொடராது, முடிவுக்கோட்டிலேயே கண்ணை நிறுத்தல் வேண்டும். கைப்பேசியின் கண்ணாடித்திரையில் அழுத்தும் இடம் விரலுக்குப் புலப்படாமையால், அதனை நாடிக் கண் கோட்டைவிட்டு இறங்கும்; ஆதலின் களத்தில் அதனை விலக்குதல் நன்று. ஓட இயலாத மாணவரும், ஓடிக் களைத்து விளையாட்டைத் துறந்த மூத்த மாணவரும், விழாவிற்கு வரும் பழைய மாணவரும் இப்பணியைக் கற்றுச் செய்யலாம். வலிய கால்கள் இதற்கு வேண்டுவதில்லை. அசையாத கண்ணும் வளையாத நாவும் போதும்.

தமிழர்க்கு இப்பணி புதியதன்று. மன்னனது பாசறையில் நீர் ஒழுகும் வட்டிலைக் கொண்டு பொழுதை அளந்து அறிவித்த நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டு நமக்குக் காட்டுகின்றது. அவர்களைச் சிறப்பிக்க வந்த புலவர் அவர்தம் கருவியின் அழகையோ நுண்மையையோ பாராட்டினாரல்லர். அவர்கள் பொய் கூறாதவர் என்பதனையே அடைமொழியாக்கினார். வட்டிலில் நீர் ஒழுகுங்கால் அதனிடத்தும் பிழை இருந்திருக்கும். பிழையுள்ள கருவியைக் கொண்டும் பொய்யாதவராய் இருத்தல் மனிதர்க்கு இயலும் என்பதே அப்புலவர் கருத்தாதல் வேண்டும்.

வரும் ஆண்டு விழாவில் படிமேடையின்மேல் அமரும் நண்பர்கள் இதனை நினைவிற் கொள்வாராக. கீழே ஓடுபவன் தன்னால் இயன்றதனைத்தையும் ஓடித் தந்துவிட்டான். இனி அவனுக்காக எவரும் ஒரு பத்திலொரு பங்கு விநாடியும் கூட்டவோ குறைக்கவோ வேண்டுவதில்லை. மூவரும் தத்தம் தாளில் தாம் கண்டதை எழுதி, மடித்துத் தலைவர் கையில் தருவாராக. அங்ஙனம் எழுதிய எண் சிறிதாயினும் பெரிதாயினும், அதனைப் பலகையில் ஏற்றுதற்கு நம் கல்லூரி நாணவேண்டியதில்லை.